இருமல் பெஞ்சு மோசஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் டாக்டர் துளசிராமன் கிளினிக் எங்கே என்று கேட்டால் யோசிக்கிறவர்கள்கூட, மோசஸ் இருக்கிற கிளினிக் என்று கேட்டால் உடனே கையை நீட்டிவிடுவார்கள். மோசஸ் டாக்டர் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. டோக்கன் கொடுப்பது, காய்ச்சல் பார்ப்பது, சளி சாம்பிளை அரசு ஆஸ்பத்திரி லேபுக்கு மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, டாக்டருக்குக் காபி வாங்கி வருவது எல்லாம் அவர் வேலை. இதற்கு ஒரு பதவிப் பெயர் வைக்க டாக்டருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது, ஆறடி உயரம், இரண்டு கன்னத்தையும் தாண்டிப் போகிற மீசை. முதல் தடவை வருகிறவர்கள் அவரையே டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டுவார்கள். அவரும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்.

அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மோசஸ் ஓர் இரும்புக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்று வாலிபத்தைக் கழித்தவர். முட்டி வலி வந்து நிற்க முடியாமல் போனபோது, முட்டிக்கு ஊசி போட்ட துளசிராமனே வேலையும் போட்டுக் கொடுத்தார். கம்பெனியை விட்டு வந்தாலும் கேட் புத்தி போகவில்லை. கிளினிக் வாசலில் செருப்பு நேராக இல்லையென்றால்கூட அவருக்கு உள்ளே எதுவோ திருடு போன மாதிரி இருக்கும்.

கொரோனா ஓய்ந்த பிறகு, சின்ன கிளினிக்குகளுக்காகத் திருவள்ளூரில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். யாரை எந்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், இருமுகிறவர்களை எங்கே உட்கார வைக்க வேண்டும், எந்த வேலைக்கு எந்த மாஸ்க், கையுறையை எப்படிக் கழற்றினால் கிருமி கையில் ஒட்டாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டருக்குப் போக நேரமில்லை, மோசஸை அனுப்பினார். மோசஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமும் முட்டையும் சாப்பிட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். மறுநாளே கிளினிக்குக்கு வெளியே புங்க மரத்தடியில் ஒரு பெஞ்சு வந்துவிட்டது. இருமுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான். ஊர் அதற்கு இருமல் பெஞ்சு என்று பெயர் வைத்தது, பெஞ்சின் பெயரையே அவருக்கும் சேர்த்து வைத்தது.

"எத்தினி நாளா இருமுற?"

"நேத்துலேந்துதாண்ணே."

"நேத்துலேந்தா? உன் சத்தத்தைக் கேட்டா தீபாவளிலேந்து இருமுற மாதிரி கீது. மாஸ்க்க மூக்கு மேல ஏத்து. தாடைக்கு இன்னா குளிரா அடிக்குது? வெளிய பெஞ்சுல போய்க் குந்து."

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் திணித்து, விடியற்காலை எழுந்ததும் வாய் கொப்புளித்துவிட்டு, வெட்டவெளியில் நின்று, நெஞ்சுக்குள்ளிருந்து சளியை எப்படி வரவழைக்க வேண்டும் என்று நடித்தே காட்டுவார். வெறும் எச்சிலைக் கொண்டுவந்து கொடுத்த ஃபவுண்டரி ஆட்களை மூன்று தடவைகூடத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஊருக்கு இவ்வளவு சொன்னவரின் சொந்த மாஸ்க் கதை வேறு. காசநோய் சந்தேகம் உள்ளவர்கள் வருகிற இடத்தில் சாதாரண மாஸ்க் போதாது என்று டாக்டர் அவருக்கு என்-95 வாங்கிக் கொடுத்திருந்தார். காற்றாடப் பேப்பர் பையில் போட்டு வைக்க வேண்டும் என்பது விதி. மோசஸ் அதை டீக்கடை கங்கம்மா வடை கட்டிக் கொடுத்த பையில் போட்டு வைத்தார். பேப்பர் பைதானே என்பது அவர் வாதம். நாள் முழுக்க மசால் வடை வாசனையை இழுத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். அதைவிடப் பெரிய விவகாரம் மீசை.

"மோசஸ், இந்த மாஸ்க் மூஞ்சிய சுத்தி ஒட்டிக்கினு இருந்தாத்தான் பிரயோஜனம்," என்றார் டாக்டர். "உன் மீசை ரெண்டு பக்கமும் வெளிய எட்டிப் பாக்குது. அந்த சந்துல காத்து வரும். காத்தோட கிருமியும் வரும்."

"இந்த மீசையப் பாத்தா கிருமி வந்த வழியே போய்டும் சார்."

போன் பேசும்போதெல்லாம் டாக்டருடைய மாஸ்க்கும் கழுத்துக்கு இறங்கிவிடும், அதனால் அவருக்கும் அழுத்திச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

கிருமி மீசைக்குப் பயப்படவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே மோசஸுக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது. லாரிப் புழுதி என்றார். பிறகு பனி என்றார். மாசி பிறந்து பனியும் போனபிறகு, முத்தம்மா தாளிக்கிற மிளகாய் நெடி என்று பழியை மனைவி மேல் போட்டார். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுட்டது. பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். இதே மூன்றையும் வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் கையில் டப்பா போயிருக்கும். அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் தொல்லையாகப் போயிற்று.

காரணம் ஜெனிபர். ஒரே மகள். பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. எட்டாம் மாதம் நடக்கிறது, வளைகாப்பு முடிந்துவிட்டது, முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மோசஸ் பின்னறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலைப் பெரிதாக்கி, புது ஃபேன் மாட்டி வைத்திருந்தார். பிறக்கிற குழந்தையைத் தான்தான் முதலில் வாங்குவேன் என்று கிளினிக்குக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இந்த நேரத்தில் தனக்கு டிபி என்று தெரிந்தால் சம்பந்தியம்மா கெங்கம்மாள் மருமகளை அனுப்புவாளா? கெங்கம்மாள் சாம்பாரில் உப்பு குறைந்ததற்கே வளைகாப்புப் பந்தியில் எழுந்து நின்று பேசியவள். பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவர வக்கில்லாத அப்பன் என்ற பெயர் வந்துவிடுமோ என்று மோசஸ் மனதுக்குள் நடுங்கினார்.

ஆனால் சந்தேகத்தோடு குழந்தையை வாங்கவும் பயமாக இருந்தது. அதனால் ஒரு காரியம் செய்தார். ஒரு நாள் விடியற்காலை மாதா கோயிலுக்குப் பின்னால் காலி மனையில் நின்று, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே முறையாகச் சளியை டப்பாவில் எடுத்து, மேலே குணா என்று பெயர் எழுதினார். வயது ஐம்பது, கான்ட்ராக்ட் வேலை, போன் நம்பருக்குக் கிளினிக் நம்பர். கான்ட்ராக்ட் ஆட்கள் இன்றைக்கு இங்கே, நாளைக்கு ஒரகடம் என்று போய்விடுவார்கள், யார் தேடப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டார். மற்ற சாம்பிள்களோடு தன்னுடையதையும் தானே மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ரிசல்ட் டாக்டர் கைக்கு வந்தது.

"இன்னா மோசஸ், யாரு இந்த குணா? டிபி பாசிட்டிவ்னு வந்துகீது. எனக்கு ஆளே ஞாபகம் வரலியே."

நல்லவேளையாக மோசஸ் முகத்தில் மாஸ்க் இருந்தது.

"நீங்க சாப்புடப் போயிருந்தீங்க சார். கான்ட்ராக்ட் ஆளு. குடுத்துட்டு போய்ட்டான்."

"மாத்திரைக்கு அடங்குற டிபிதான், பயமில்ல. ஆறு மாசம் சாப்ட்டா சரியாப்பூடும். ஆனா ஆளு கெடைக்கணுமே. நீதான பாத்த, நீயே புடிச்சினு வா."

தன்னைத் தானே பிடித்து வருகிற வேலை மோசஸுக்கு வந்தது. அதிலும் தனியாக இல்லை. அரசுக் காசநோய்ப் பிரிவில் களப்பணி பார்க்கிற நந்தினி மறுநாளே ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டாள். ஒரு நோயாளியைத் தேடி ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள்ளேயே போய்ப் பிடித்துவந்தவள் அவள். மோசஸே இதைப் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, ஆளு எப்படி இருப்பாரு? அடையாளம் சொல்லுங்க."

மோசஸ் பதறிப்போய், தன்னிடம் எது இல்லையோ அதையெல்லாம் அடுக்கினார்.

"குள்ளமா இருப்பான்மா. ஒல்லி. மீசை கெடையாது. சின்ன வயசு."

"ஐம்பதுன்னு எழுதிக்கீதே?"

"கண்ணாடி போடாம எழுதிட்டேன்."

இப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இருக்கமாட்டான் என்று அவர் நம்பினார். சிப்காட்டில் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை, குள்ளமாக, ஒல்லியாக, மீசை இல்லாமல் குணா என்ற பெயரில் வேலை செய்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. நந்தினி ஒரே நாளில் ஒருவனைக் கண்டுபிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிவந்துவிட்டாள். கம்பி உருட்டுகிற மில்லில் ஹெல்ப்பர். திருத்தணிப் பக்கத்துப் பையன். அவன் முகத்தில் மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் பயந்துபோய் விழித்தன.

"இவருதானண்ணே?"

அந்த இடத்தில் மோசஸ், இவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த வாரக் கடைசியில் ஜெனிபரைக் கூட்டிவர வண்டி பேசியிருந்தது. "மாதிரிதான் கீது," என்றார்.

குணா இருமல் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு தடவைகூட இருமவில்லை. புதிதாகச் சளி கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சாயங்காலம் அவனே திரும்பி வந்தான், தோளில் பையும் கையில் சுருட்டிய பாயுமாக.

"அண்ணே, ரூம் ஓனரு துணியெல்லாம் எடுத்து வெளிய வெச்சிட்டாரு. கூட இருக்கற பசங்க கிட்ட வர மாட்டேங்கறானுங்க. சூப்பர்வைசரு நாளைக்கு வேலைக்கி வராதன்றாரு. இன்னாண்ணே இது பேஜாரு? நான் எப்பண்ணே உங்ககிட்ட வந்து துப்பினேன்?"

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் மோசஸ் சமாளித்திருப்பார். கேட்டில் நின்ற காலத்தில் எத்தனை கோபத்தைப் பார்த்தவர். அவன் நிஜமாகவே சந்தேகமாகக் கேட்டான், எப்போதாவது வந்து துப்பிவிட்டுத் தானே மறந்துவிட்டோமோ என்பது போல. மோசஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பையை வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு நேராக டாக்டர் அறைக்குள் போனார். நந்தினியும் அங்கே இருந்தாள்.

"சார், அந்த குணா நான்தான் சார்."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மோசஸை மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"குள்ளமா, ஒல்லியா, மீசை இல்லாம, சின்ன வயசா?"

நந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் உடனே அடக்கிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. கழுத்தில் கிடந்த மாஸ்க்கை இழுத்து மேலே ஏற்றினார். "தெனம் இந்தக் கதவுக்கு வெளியதான் நின்னு இருமினு இருந்த. ரெண்டு மாசமா என் காதுலயும் உழுந்துச்சி. உன் டப்பா எங்கன்னு நானும் ஒரு வார்த்த கேக்கல," என்றார். பிறகு போனை எடுத்து ரூம் ஓனரையும் சூப்பர்வைசரையும் அவரே கூப்பிட்டு, ஆள் மாறிப்போச்சு, இந்தப் பையனுக்கு ஒன்றும் இல்லை, தப்பு எங்கள் கிளினிக்குடையது என்று சொன்னார்.

மறுநாள் மோசஸுக்கு மாத்திரை ஆரம்பித்தது. மீசையும் போயிற்று. டாக்டர் சொல்லவில்லை, அவரே எடுத்துவிட்டார். ரூமும் வேலையும் திரும்பக் கிடைத்ததற்கு நன்றி சொல்ல வந்த குணா அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "இப்பதாண்ணே நீங்க சொன்ன அடையாளம் கொஞ்சம் சரியா வருது. இன்னும் குள்ளமாவறதுதான் பாக்கி," என்று சொல்லிவிட்டுப் போனான். மோசஸ் அதையும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒப்புக்கொண்ட அந்தச் சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது நந்தினி கேட்டிருந்தாள், "ஊட்ல யாரு யாருண்ணே இருக்கறீங்க?"

"பொண்ணு வரப்போறாம்மா. மாசமா கீறா. அதான் எனுக்கு பயம்."

"அவங்க இப்பத்திக்கி வர வேணாம். இப்ப கூட இருக்கறது யாரு?"

"முத்தம்மா மட்டும்தான்," என்றார் மோசஸ், அது ஒரு பெரிய விஷயமில்லை என்பது போல.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக வாசலிலேயே நின்று கெங்கம்மாளுக்குப் போன் போட்டார். முத்தம்மா உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மோசஸ் தொண்டையைச் செருமி, சுற்றி வளைத்து, வண்டி வாடகையிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் டிபி என்ற வார்த்தையைச் சொல்லி முடித்தார்.

"அவ்ளோதானா அண்ணா?" என்றாள் கெங்கம்மாள். "நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன். எங்க ஊட்டுக்காரரும் ஆறு மாசம் இதே மாத்திரைய முழுங்கினவருதான். இப்ப குத்துக்கல்லாட்டம் கீறாரு. பொண்ணு கேட்டு வந்தப்ப சொன்னா நீங்க குடுக்க மாட்டீங்களோன்னு நாங்க வாயத் தொறக்கல. ஜெனிபரு இங்கயே இருக்கட்டும். புள்ள பொறந்து, நீங்களும் தேறினப்புறம் எடுத்துனு வரோம்."

போனை வைத்ததும் மோசஸுக்கு வந்ததே கோபம். இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துப் பெண் எடுத்திருக்கிறார்களே, இவர்களெல்லாம் மனுஷர்களா என்று முழுதாக ஒரு நிமிஷம் பொங்கினார். பிறகு தானும் அதையேதானே செய்தோம் என்று அவருக்கே உறைத்து நிறுத்திக்கொண்டார். மனம் லேசாகிவிட்டது. பயந்தது எதுவும் நடக்கவில்லை. மகள் பத்திரம், பேரப்பிள்ளை பத்திரம், சம்பந்தி வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. சந்தோஷமாக உள்ளே திரும்பினார்.

முத்தம்மா கீரையைக் கீழே வைத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எத்தினி நாளா தெரியும்?"

"ரிசல்ட்டு வந்து ரெண்டு நாளுதான் ஆவுது."

"ரிசல்ட்ட கேக்கல. உனுக்கு எப்பலேந்து தெரியும்?"

மோசஸ் பெல்ட்டில் போட்ட புது ஓட்டையைத் தடவினார்.

"எவனோ ஒருத்தன் இருமினா பத்தடி தள்ளி மரத்தடியில குந்த வெக்கிற. பொண்ணுக்கு ஆவப்போவுதுன்னு பயந்த. சம்பந்தி இன்னா சொல்லுவாளோன்னு பயந்த. பொங்கலுலேந்து உன் பக்கத்துலதான்யா படுத்துனு கீறேன். நீ சாப்ட்ட தட்டுல சாப்புடறேன். நெடி ஆவலன்னு சொன்னியேன்னு தாளிக்கறதையே உட்டுட்டேன். எனுக்கு வந்தா இன்னா ஆவறதுன்னு ஒரு வாட்டியாவது நெனச்சியா?"

நினைக்கவில்லை. அதுதான் உண்மை. பொய் சொல்லலாமா என்றுகூட மோசஸுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு தூரம் அது அவர் புத்தியிலேயே இல்லாமல் இருந்தது. சம்பந்தி, மகள், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளை என்று வரிசையாக எல்லாரும் இருந்தார்கள். முத்தம்மா மட்டும் அவருக்கு வீட்டுச் சுவர் மாதிரி ஆகிப்போயிருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. அவள் பார்க்கவில்லை, கீரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் படுக்கை பின்னறைக்குப் போயிற்று. மகளுக்காக வெள்ளையடித்த அறையில், மகளுக்காகப் பெரிதாக்கிய ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, புது ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முத்தம்மா வேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் வாசற்படியில் வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. நந்தினி வந்து அவளுக்கு எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போனாள். ஒரு வாரமாக அவளுக்கும் தொண்டை கமறியது, அதனால் சளியும் கொடுத்தாள். டப்பா மேலே அவளுடைய சொந்தப் பெயரையே எழுதச் சொன்னாள் என்று நந்தினி பிற்பாடு மோசஸிடம் சொன்னாள்.

தன்னுடைய ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது மோசஸ் சாப்பிட்டார், தூங்கினார், பொய்யும் சொன்னார். இந்த ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது அவரால் எதுவும் முடியவில்லை. பக்கத்து அறையில் அவள் தொண்டையைச் செருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். செருமாவிட்டாலும் ஏன் செருமவில்லை என்று எழுந்து உட்காருவார். தன் இருமலை அவள் இத்தனை நாளும் எப்படிக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருப்பாள் என்று அப்போதுதான் யோசித்தார்.

மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு காலையில் நந்தினி விஷயத்தைச் சொன்னாள். முத்தம்மாவுக்குச் சளியிலும் இல்லை, எக்ஸ்ரேவிலும் இல்லை. முன்னெச்சரிக்கைக்குக் கொஞ்ச நாள் மாத்திரை கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

மோசஸ் மொபெட்டை எடுத்தார். கிளினிக் வாசலில் டாக்டர் நின்று கையைக் காட்டினார், இவர் நிற்கவில்லை. டீக்கடை கங்கம்மா வாசலிலிருந்தே, "இன்னா மோசஸ், மாஸ்க்குக்குள்ள சிரிச்சினு போற?" என்று கத்தினாள். ஊர் செய்தியையெல்லாம் அவளிடம் ஒப்பித்துவிட்டுத்தான் நாஷ்டாவே சாப்பிடுகிற மனிதர், "அப்பால சொல்றேன்" என்று வண்டியை விரட்டினார். ஜெனிபர் போன் செய்தாள், "அப்பறம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டார்.

முத்தம்மா பின்பக்கக் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மோசஸ் நாலடி தள்ளி நின்றுகொண்டார். மூச்சு வாங்கியது.

"உனுக்கு ஒண்ணும் இல்ல முத்தம்மா. ஒண்ணுமே இல்ல."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு மீனை எடுத்துச் செதிலை உரசினாள்.

"யார் யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல. உனுக்குத்தான் மொதல்ல."

அந்த மீனைக் கழுவி முடித்தாள். பிறகு கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவரைத் தாண்டிப் போனவள் வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"வெயில்ல நிக்காத. அந்த நெழல்ல குந்து, சோறு எடுத்துனு வரேன்."